கேனாட், மே நாட், மஸ்ட் நாட்: எதை எங்கே எழுதுவது?

கோயில் பலகைக்கு வாசகம் எழுதுகிறவர், பள்ளிக்குக் கடிதம் போடும் பெற்றோர், வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர், சென்னையிலிருந்து வந்து மிட்ராண்டில் மென்பொருள் வேலை பார்ப்பவர். தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும், இவர்கள் எல்லாருமே ஆங்கிலத்தில் ஒன்றை மறுத்து எழுத வரும்போது ஒரே இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். கேனாட் போடுவதா, மே நாட் போடுவதா, மஸ்ட் நாட் போடுவதா? கேனாட் என்பது ஒரு சொல்லா, இரண்டு சொல்லா? வோன்ட் என்று சுருக்கலாமா, வில் நாட் என்று விரித்தே எழுத வேண்டுமா?

இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழருக்கு ஆங்கிலம் வீட்டு மொழி. பேச்சில் அவர்களுக்குத் தடுமாற்றம் கிடையாது. விதியோ கடிதமோ எழுத உட்காரும்போதுதான் சந்தேகம் வருகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்கு வேறு சிக்கல். ‘நீங்கள் வர வேண்டாம்’ என்று தமிழில் சொன்னால் அது தடையாகவும் இருக்கலாம், சிரமப்பட வேண்டியதில்லை என்ற சலுகையாகவும் இருக்கலாம். குரலும் முகமும் வேறுபாட்டைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வடிவம் உண்டு, மாற்றிப் போட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடை விதிக்க மஸ்ட் நாட், அல்லது ‘நோ ஒன் மே’ என்று தொடங்கும் வாக்கியம். கட்டாயமில்லை என்று சொல்ல டு நாட் ஹேவ் டு. இயலாததற்கு மட்டும் கேனாட். மே நாட் என்பதைச் சட்டநடையில் எழுதும்போது தவிர வேறெங்கும் நம்பாதீர்கள். இதற்கான காரணங்களும் விதிவிலக்குகளும்தான் இனி வருபவை. ஆங்கில வடிவங்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடங்களில் எழுத்துகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

எல்லாவற்றுக்கும் மேலான அளவுகோல் ஒன்று: வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்க முடிகிறதா? விதியைத் தவறாகப் புரிந்துகொண்டால் நஷ்டம் எழுதியவருக்கு வருவதில்லை. மருந்துச் சீட்டைப் படிக்கும் பாட்டிக்கும், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் குடும்பத்துக்கும்தான் வருகிறது. ஆகவே மற்ற எல்லா அளவுகோல்களிலும் தோற்றாலும் இதில் ஜெயிக்கும் வடிவத்தையே நான் எடுப்பேன்.

அடுத்தது குரல். யார் யாருக்குச் சொல்கிறார்கள், அது கட்டளையாகக் கேட்கிறதா, வருத்தத்தோடு சொல்வதாகக் கேட்கிறதா என்பது. மூன்றாவது, எழுத்துப்பிழைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது, கணினி அந்தப் பிழையைப் பிடிக்குமா என்பது. நான்காவது, ஒலிபெருக்கியிலோ தொலைபேசியிலோ சொன்னால் காதில் சரியாக விழுமா என்பது. கடைசியாக, இந்த நாட்டு வழக்கு. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் மஸ்ட் என்ற சொல்லுக்குப் பாடப்புத்தகம் சொல்லும் எடை எப்போதும் இருப்பதில்லை.

## கூடாது என்று சொல்ல

கேனாட். பலகைகளில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். ‘யு கேனாட் பார்க் ஹியர்’ என்றால் எல்லாருக்கும் புரியும். பேச்சில் இது மென்மையானதும்கூட. தடுப்பவர் ஆள் அல்ல, சூழ்நிலை என்பதுபோல ஒலிக்கும். ஆஸ்பத்திரி வரவேற்பில் நிற்கும் பெண், வயதான ஒருவரிடம் ‘ஆயா, யு கேனாட் கோ இன் நௌ’ என்று சொல்வதில் மரியாதை இருக்கிறது. அதே இடத்தில் மஸ்ட் நாட் போட்டால் அதட்டுவதுபோல் இருக்கும்.

எழுத்தில் வரும்போதுதான் விலை தெரிகிறது. ‘விசிட்டர்ஸ் கேனாட் யூஸ் தி லிஃப்ட்’ என்று ஒட்டியிருந்தால், லிஃப்ட் பழுதா, விருந்தினருக்கு அனுமதி இல்லையா? முதல் பொருளில் படித்தவர் நாளைக்குச் சரியாகிவிடும் என்று வந்து நிற்பார். பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ. தன் ஆவணங்களை எழுதுவோருக்குத் தந்திருக்கும் விதிகளில் கேனாட்டை இயலாமைக்கு மட்டுமே ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்தப் பிரிவினை நமக்கும் பொருந்தும்.

மே நாட். இந்த நாட்டில் வாழ்கிறவர் இதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் நம் அரசியலமைப்புச் சட்டமே இந்த வடிவத்தில்தான் பேசுகிறது. 1996-இல் நிறைவேறி 1997 பிப்ரவரி 4-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, இனம், பால், மதம், பண்பாடு, மொழி, பிறப்பு போன்ற காரணங்களால் யாரிடமும் அரசு நியாயமற்ற பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அங்கே இருப்பது ‘தி ஸ்டேட் மே நாட்’. மஸ்ட் நாட்டும் இல்லை, ஷல் நாட்டும் இல்லை.

சட்டத்தில் இது பிசகாமல் நிற்கக் காரணம் சூழல். உரிமைப் பிரகடனத்தைப் படிக்கிறவர் யாரும் ‘அரசு ஒருவேளை பாகுபாடு காட்டாமல் இருக்கலாம்’ என்று படிக்கமாட்டார். ஆனால் மே நாட்டுக்கு அந்த இரண்டாவது பொருளும் உண்டு, அன்றாட ஆங்கிலத்தில் அதுவும் சமமாகப் புழங்குகிறது. பள்ளியிலிருந்து வரும் ஒரு தாளில் ‘லேர்னர்ஸ் மே நாட் ரைட் தி டெஸ்ட் ஆன் ஃப்ரைடே’ என்று இருந்தால் என்ன செய்வீர்கள்? வெள்ளிக்கிழமை தேர்வு எழுத அனுமதி இல்லை என்றா, அன்று தேர்வு நடக்காமலும் போகலாம் என்றா? முதலாவது என்றால் பிள்ளையை வீட்டில் நிறுத்தலாம். இரண்டாவது என்றால் படிக்க வைத்து அனுப்ப வேண்டும். ஒரு தாள் இரண்டு வீடுகளில் இரண்டு முடிவுகளை எடுக்க வைத்துவிடும்.

ஐ.எஸ்.ஓ. விதிகள் இதனால்தான் தடையைச் சொல்ல மே நாட் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. ஆக ஒரே வடிவத்தை ஒரு நாட்டின் உச்சச் சட்டம் பயன்படுத்துகிறது, தொழில்நுட்ப உலகம் விலக்குகிறது. இரண்டும் தத்தம் இடத்தில் சரி. சங்கத்தின் அமைப்பு விதிகள், குடியிருப்பு வளாகத்தின் விதிகள் போன்றவற்றை இந்நாட்டுச் சட்டநடையில் எழுதுகிறீர்கள் என்றால் மே நாட் பொருந்தும். அறிவிப்பு, மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி என்றால் வேண்டாம்.

மஸ்ட் நாட். ஒற்றைப் பொருள் என்ற அளவுகோலில் இதற்கு இணை இல்லை. செயலைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தால் தடை என்ற ஒன்றைத்தான் சொல்லும். மென்பொருள்காரர்களுக்கு இது பழகிய செய்தி. இணைய நெறிமுறைகளை எழுதுவதற்காக 1997 மார்ச்சில் வெளியான ஆர்.எஃப்.சி. 2119 என்ற குறிப்பு, மஸ்ட் நாட் என்றால் முழுத்தடை என்றும், ஷுட் நாட் என்றால் தகுந்த காரணம் இருந்தால் மீறலாம் என்றும் வரையறுத்தது. ஷுட் நாட் அறிவுரைதான், விதி ஆகாது. ‘சில்ட்ரன் ஷுட் நாட் கோ நியர் தி ஃபயர் பிட்’ என்று தீமிதி நாளில் எழுதிவைத்தால், நல்ல பிள்ளைகள் போகமாட்டார்கள் என்ற அளவில்தான் அதற்கு வலு. அங்கே மஸ்ட் நாட் வேண்டும்.

இதன் மறைவான விலை குரலில் இருக்கிறது. பெரியவர்களிடமும் வாடிக்கையாளரிடமும் இது கடுமையாக ஒலிக்கும். விசித்திரமாக, இந்த நாட்டுப் பேச்சில் இது அவ்வளவு கடுமை இல்லை. ‘யு மஸன்ட் வொரி’ என்று இங்கே ஒருவர் தோளைத் தட்டிச் சொன்னால் அது ஆறுதல். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் மஸ்ட், நாட் ஆகியவற்றுக்கு நிகரான மூட், நி என்ற இரண்டும் சேர்ந்து தேய்ந்த ‘மூனி’ சாதாரணமாக எதையும் வேண்டாம் என்று சொல்லப் பயன்படுகிறது. அதன் பக்கத்திலேயே வளர்ந்த ஆங்கிலத்தில் மஸ்ட் இளகியிருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சென்னையிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து படிக்கிறவருக்கு அந்த இளக்கம் தெரியாது. வெளியூர்க்காரர் படிக்கும் கடிதமானால் இதை நினைவில் வையுங்கள்.

ஷல் நாட். பழைய சட்டநடை. 1996-இன் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ‘நோ பெர்சன் ஷல்’ என்றுதான் குடிபோதையில் வாகனம் ஓட்டுவதைத் தடுக்கிறது. அதே ஆண்டில் எழுதப்பட்ட அரசியலமைப்போ ஷல்லைக் கைவிட்டு, கடமைக்கு மஸ்ட் என்றும் தடைக்கு மே நாட் என்றும் எழுதியது. சாதாரணக் குடிமகன் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற நோக்கம் அதில் இருந்தது. ஏற்கெனவே ஷல் போட்டு எழுதிய ஒப்பந்தத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கிறீர்கள் என்றால் ஷல் நாட் என்றே தொடருங்கள். ஒரே ஆவணத்தில் சில இடத்தில் ஷல் நாட்டும் சில இடத்தில் மஸ்ட் நாட்டும் வந்தால், வழக்கறிஞர் இரண்டுக்கும் வேறுபாடு தேடுவார். புதிதாக எழுதுவதில் இதற்கு இடம் இல்லை.

நோ ஒன் மே. பலரும் இதை ஒரு தெரிவாகவே எண்ணுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மறுப்பை மே என்ற துணைவினையிலிருந்து எடுத்து வாக்கியத்தின் வாசலிலேயே வைத்துவிட்டால், மே நாட்டின் இரட்டைப் பொருள் மறைந்துவிடுகிறது. அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு: ‘நோ ஒன் மே பி ரெஃப்யூஸ்ட் எமர்ஜென்சி மெடிக்கல் ட்ரீட்மென்ட்.’ அவசர சிகிச்சை யாருக்கும் மறுக்கப்படக்கூடாது. இதை வேறு எப்படியும் படிக்க முடியாது. 1996-இன் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் 5-ஆம் பிரிவில், பெற்றோரால் கட்டணம் செலுத்த முடியவில்லை என்பதற்காக அரசுப் பள்ளியில் எந்த மாணவருக்கும் சேர்க்கை மறுக்கப்படக்கூடாது என்பதை ‘நோ லேர்னர் மே’ என்று தொடங்கிச் சொல்கிறது. பிள்ளைக்குப் பள்ளி தேடும் பெற்றோர் இந்த ஒரு வரியையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

26-ஆம் பிரிவு இன்னும் ஆழமானது. நீதிமன்றம் எல்லாச் சூழ்நிலைகளையும் கருதிப் பார்த்துப் பிறப்பித்த ஆணை இல்லாமல் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றக்கூடாது, வீட்டை இடிக்கவும் கூடாது என்கிறது. அதுவும் ‘நோ ஒன் மே’ என்றே தொடங்குகிறது. இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிகள் சட்டம், டர்பனில் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்தெடுத்துச் சாட்ஸ்வர்த்தில் இறக்கிவிட்ட குடும்பங்கள் நம்மில் எத்தனை! அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஐயத்துக்கு இடமில்லாத ஒரு மறுப்பு மனிதரைக் காக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வடிவம் இன்னொரு பிழையையும் தடுக்கிறது. ‘ஆல் டிவோட்டீஸ் மே நாட் என்டர் தி சாங்டம்’ என்று எழுதினால், பக்தர் யாருமே நுழையக்கூடாதா, அல்லது எல்லாரும் நுழையக்கூடாது, சிலர் மட்டும் நுழையலாம் என்பதா? ‘ஆல்’, ‘எவ்ரி’ என்று தொடங்கிப் பின்னால் நாட் போடும் பழக்கம் இந்தியாவிலிருந்து வருகிறவர்களிடம் அதிகம். ‘நோ டிவோட்டீ மே’ என்று மாற்றினால் தீர்ந்தது. இதன் ஒரே குறை, பேச்சில் வைத்தால் செயற்கையாக இருப்பது. வீட்டில் யாரும் ‘நோ சைல்ட் மே வாட்ச் டிவி’ என்று சொல்வதில்லை.

## கட்டாயமில்லை என்று சொல்ல

ஆபத்தான பிழை வருவது இங்கேதான். மஸ்ட் என்றால் கட்டாயம் என்று படித்தவர், மஸ்ட் நாட் என்றால் கட்டாயமில்லை என்று எண்ணுகிறார். கணக்குப்போல யோசித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் நாட் கட்டாயத்தை நீக்குவதில்லை, செயலைத்தான் நீக்குகிறது. செய்யாமல் இருப்பது கட்டாயம் என்று ஆகிவிடுகிறது.

வலிக்கு மாத்திரை கொடுத்த மருத்துவர், வலி நின்றால் மாத்திரை தேவையில்லை என்கிறார். அதை ஆங்கிலத்தில் எழுதித்தரும் பேரன் ‘யு மஸ்ட் நாட் டேக் இட்’ என்று எழுதினால், எடுக்கவே கூடாது என்று ஆகிறது. மறுபக்கம், மதுவோடு சேர்த்து எடுக்கவே கூடாத மருந்துக்கு ‘யு டு நாட் ஹேவ் டு டேக் இட் வித் ஆல்கஹால்’ என்று எழுதினால், எடுத்தாலும் பரவாயில்லை என்று ஆகிவிடும். இரண்டாவது பிழை உயிரோடு விளையாடுவது.

டு நாட் ஹேவ் டு. எல்லா இடத்துக்கும் பாதுகாப்பானது. பேச்சிலும் எழுத்திலும் ஒரே பொருள், எல்லா நாட்டுக்காரருக்கும் புரியும். நான்கு சொல் நீளம் என்பதுதான் குறை. பலகையில் இடம் போதாவிட்டால் ‘லஞ்ச் இஸ் ஃப்ரீ’ என்று நேராக எழுதிவிடலாம். ‘யு டு நாட் ஹேவ் டு பே’ என்பதைவிட அதுவே நல்லது.

நீட் நாட். சுருக்கமானது, கடிதத்துக்கு அழகானது. ‘அப்ளிகன்ட்ஸ் நீட் நாட் அட்டெண்ட் இன் பெர்சன்’ என்றால் அலுவலக நடைக்குக் கச்சிதம். ஆனால் இலக்கணத்தில் ஒரு முள் இருக்கிறது. இதற்குப் பின்னால் டு வரக்கூடாது. ‘நீட் நாட் டு கம்’ என்று எழுதுவது தமிழ்நாட்டு அலுவலக ஆங்கிலத்தில் ஊறிய பிழை. டு வேண்டுமென்றால் ‘டு நாட் நீட் டு கம்’ என்று எழுத வேண்டும்.

கடந்த காலத்தில் இந்த இரண்டும் பிரிந்துவிடும். ‘யு நீட் நாட் ஹேவ் கம்’ என்றால் வந்துவிட்டீர்கள், வந்திருக்கவே வேண்டியதில்லை என்று பொருள். ‘யு டிட் நாட் நீட் டு கம்’ என்றால் வர வேண்டிய தேவை இருக்கவில்லை, அவ்வளவுதான். வந்தீர்களா இல்லையா என்பதை அது சொல்வதில்லை. முதலாவதை வீட்டுக்கு வந்த உறவினரிடம் சொன்னால் மனம் புண்படும். நேரில் சொல்லும்போது நீட் நாட்டின் குரலே சற்றுக் குளிர்ச்சியானது. ‘யு நீட் நாட் கம்’ என்றால் ‘நீ ஒன்றும் வரத் தேவையில்லை’ என்ற தொனி ஒட்டிக்கொள்ளும். ஆகவே கடிதத்துக்கு நீட் நாட், முகத்துக்கு நேரே டோன்ட் ஹேவ் டு.

இந்த நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. ‘மஸ்ட் ஐ புட் தி கெட்டில் ஆன்?’ என்று இங்கே ஒருவர் கேட்டால், அவர் கட்டாயமா என்று கேட்கவில்லை. தேநீருக்குத் தண்ணீர் வைக்கட்டுமா என்று அன்பாகக் கேட்கிறார். லண்டனில் ‘ஷல் ஐ’ என்று வருவது இங்கே ‘மஸ்ட் ஐ’ ஆகிறது. புதிதாக வந்தவர் அதைச் சலிப்பு என்று எடுத்துக்கொண்டு முகம் சுருங்குவதுண்டு. மறுத்துப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ‘நோ, யு மஸன்ட்’ வேண்டாம். ‘நோ, டோன்ட் வொரி’ என்றோ ‘யு டோன்ட் ஹேவ் டு’ என்றோ சொல்லுங்கள்.

## முடியாது என்று சொல்ல: ஒரு சொல்லா, இரண்டா?

கேனாட் ஒரே சொல்தான். சி, ஏ, என், என், ஓ, டி என்று இடைவெளியில்லாமல் எழுத வேண்டும். ஆங்கிலத் துணைவினைகளில் முழுவடிவத்திலேயே நாட்டோடு ஒட்டி எழுதப்படுவது இது ஒன்றுதான். இதைப் பார்த்துவிட்டு மஸ்ட் நாட், மே நாட், வுட் நாட் ஆகியவற்றையும் ஒட்டி எழுதக்கூடாது.

பிரித்து எழுதும் கேன் நாட் சரியாகும் இடங்கள் குறைவு. நாட் என்பது பின்னால் வரும் சொல்லோடு சேர்ந்திருந்தால் பிரிக்க வேண்டும்: ‘யு கேன் நாட் ஒன்லி லேர்ன் டமில் பட் ஆல்சோ டீச் இட்.’ இங்கே முடியாது என்ற பேச்சே இல்லை. கற்கவும் முடியும், கற்பிக்கவும் முடியும். போகாமல் இருக்கவும் உரிமை உண்டு என்ற பொருளில் ‘யு கேன் நாட் கோ’ என்று நாட்டை அழுத்திச் சொல்வதும் உண்டு. மற்ற எல்லா இடத்திலும் ஒட்டியே எழுதினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

சுருக்கமான கான்ட் பேச்சுக்கு உரியது. இங்கேயும் பிரிட்டனிலும் அதை நெடிலாக ‘கான்ட்’ என்று சொல்வதால் கேனிலிருந்து எளிதாகப் பிரித்துக் கேட்கலாம். அமெரிக்க உச்சரிப்பில் ‘கேன்ட்’ என்று குறுகும். அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால் கடைசி டி விழுங்கப்பட்டு, முடியும் என்று சொன்னாரா, முடியாது என்று சொன்னாரா என்பதே தெரியாது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேசும் வேலை என்றால், கேனாட் என்று இரண்டு அசையாகச் சொல்லிவிடுங்கள். கோயில் ஒலிபெருக்கிக்கும் இதே யோசனைதான்.

## மாட்டேன் என்று சொல்ல

வில் நாட் என்பது எதிர்காலத்தையும் சொல்லும், பிடிவாதத்தையும் சொல்லும். ‘ட்யூரிங் லோட் ஷெடிங் தி கேட் வில் நாட் ஓப்பன்’ என்றால், மின்வெட்டின்போது கதவு திறக்காது என்ற வெறும் தகவல். ஆளை எழுவாயாக வைத்து ‘ஐ வில் நாட் ஃபிக்ஸ் தி கீசர் திஸ் வீக்’ என்று வாடகைதாரருக்கு எழுதினால், சரிசெய்யமாட்டேன் போ என்று ஆகிவிடும். சொல்ல வந்தது இந்த வாரம் இயலாது என்பது மட்டும் என்றால் ‘ஐ வில் நாட் பி ஏபிள் டு’ அல்லது ‘ஐ கேனாட்’ போட்டுக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

தீபாவளிக்கு இந்த நாட்டில் பொது விடுமுறை இல்லை. விடுப்புக் கேட்டு எழுதும்போது ‘ஐ வில் நாட் பி அட் வொர்க் ஆன் தீபாவளி’ என்பது அறிவிப்பாகிவிடுகிறது, வேண்டுகோளாக இல்லை. மேலாளர் ஏற்கெனவே சம்மதித்திருந்தால் அது சரி. இல்லையென்றால் மறுப்பே வேண்டாம். ‘மே ஐ’ என்று கேட்பதே முறை.

ஷான்ட் இங்கே பழைய காலத்துச் சொல்லாகிவிட்டது. படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும்.

## ஊகத்துக்கு

வராமல் இருக்கலாம் என்ற ஊகத்துக்கு மைட் நாட் போடுங்கள். தடை என்ற பொருள் அதில் கலக்காது. ‘இருக்கவே முடியாது’ என்ற உறுதியான ஊகத்துக்குக் கான்ட் பி. ‘ஹி மஸ்ட் பி அட் ஹோம்’ என்பதன் மறுப்பு ‘ஹி கான்ட் பி அட் ஹோம்’ என்பதே வழக்கம்.

## சுருக்குவதா, விரிப்பதா?

| முழுவடிவம் | சுருக்கம் | எழுதும்போது கவனிக்க |
|---|---|---|
| கேனாட் | கான்ட் | அபாஸ்டிரபி விட்டால் வேறு சொல் ஆகும். கணினி பிடிக்காது |
| வில் நாட் | வோன்ட் | அபாஸ்டிரபி விட்டால் ‘வழக்கம்’ என்று பொருள்படும் வேறு சொல். கணினி பிடிக்காது |
| மஸ்ட் நாட் | மஸன்ட் | முதல் டி ஒலிக்காது, ஆனால் எழுத வேண்டும் |
| ஷல் நாட் | ஷான்ட் | ஒரே அபாஸ்டிரபி போதும் |
| மே நாட் | மேயன்ட் | இன்று யாரும் எழுதுவதில்லை |
| நீட் நாட் | நீடன்ட் | பின்னால் டு வராது |
| ஷுட் நாட், குட் நாட் | ஷுடன்ட், குடன்ட் | ஒலிக்காத ‘எல்’ என்ற எழுத்தை விட்டுவிடாதீர்கள் |

அபாஸ்டிரபி வைக்கும் இடம் எப்போதும் என்னுக்கும் டிக்கும் நடுவில், ஓ விழுந்துபோன இடத்தில். சொல்லின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே, அதாவது என்னுக்கு முன்னால் வைப்பது பரவலான பிழை. வோன்ட்டில் மட்டும் வில்லின் ஒலியே காணாமல் போனதற்குக் காரணம், இடைக்கால ஆங்கிலத்தில் வில்லுக்கு ‘வோல்’ என்ற வடிவமும் இருந்து, சுருக்கம் அதிலிருந்து பிறந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டு அச்சில் ஷான்ட்டை இரண்டு அபாஸ்டிரபியோடு எழுதியதும் உண்டு, விழுந்த எழுத்துகள் இரண்டு இடத்தில் என்பதால். இன்று அப்படி எழுதினால் பிழை என்றே கருதுவார்கள்.

சுருக்கம் நட்பானது, வாட்ஸ்அப்பிலும் நண்பருக்கு எழுதும் அஞ்சலிலும் முழுவடிவம் விறைப்பாக இருக்கும். ஆனால் மறுப்புச் சுருக்கத்தில் ஒரு மறைவான ஆபத்து இருக்கிறது. அவசரமாகப் படிக்கும் கண் அந்த அபாஸ்டிரபியையும் டியையும் தாண்டிப் போய்விடும், மறுப்பு உடன்பாடாகிவிடும். பிரிட்டன் அரசு தன் இணையதளங்களுக்கு எழுதுவோரை மறுப்புச் சுருக்கங்களைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்: பலருக்கு அவை படிக்கக் கடினம், சிலர் நேரெதிராகவே படித்துவிடுகிறார்கள். மருந்து, நெருப்பு, மின்சாரம், பணம் இவற்றைத் தொடும் எந்த வரியிலும் விரித்தே எழுதுங்கள். பிள்ளைகளின் முறைசார் கடிதங்களுக்கும் அதுவே நல்லது.

## காவடிப் பலகை ஒன்று

தைப்பூசக் காவடிக்கு வாசலில் வைக்கும் பலகையில் இவை எல்லாமே ஒன்றாக வந்துவிடும். காலணி அணிந்து உள்ளே வரக்கூடாது என்பதற்கு ‘நோ ஒன் மே வேர் ஷூஸ் இன்சைட் தி டெம்பிள்’. சாப்பாட்டுக்குப் பணம் வேண்டியதில்லை என்பதற்கு ‘யு டு நாட் ஹேவ் டு பே ஃபார் லஞ்ச்’. பைகளை வைத்துக்கொள்ள இடமில்லை என்பதற்கு ‘வி கேனாட் கீப் பேக்ஸ்’. இது தடை அல்ல, உண்மையாகவே இயலாமை, எனவே கேனாட் தன் சொந்த இடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் தேர் வடத்துக்குள் புகக்கூடாது என்பதற்கு ‘சில்ட்ரன் மஸ்ட் நாட் கோ இன்சைட் தி ரோப்’. ஊர்வலம் பத்து மணிக்குத் தொடங்காமல் போகலாம் என்பதற்கு மே நாட்டும் வேண்டாம், மைட் நாட்டும் வேண்டாம். ‘தி ப்ரொசெஷன் மைட் ஸ்டார்ட் லேட்’ என்று உடன்பாடாகவே எழுதிவிடுங்கள்.

எழுதி முடித்ததும், அதை எழுதாத ஒருவரிடம் கொடுத்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எந்த வரியில் அவர் ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறாரோ, அது தடையா சலுகையா என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் அந்த வரியை மாற்றிவிட்டுப் பலகையை அச்சுக்குக் கொடுங்கள்.